துப்பாக்கிக் குழல் சுத்தம்: எந்தக் கரைப்பான், எந்தக் கருவி?

துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கரைப்பான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் "இருப்பதிலேயே எது நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். குழலுக்குள் ஒட்டியிருப்பது கரியா, செம்பா, ஈயமா, உப்பா என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கரியைக் கரைக்கும் திரவம் செம்பை அநேகமாகத் தொடுவதில்லை. செம்பை எடுக்கும் அம்மோனியா, ஈயத்தை அப்படியே விட்டுவிடும். உப்பைப் போக்கத் தண்ணீர் வேண்டும். மண்ணெண்ணெய் வகைத் திரவத்தை எத்தனை முறை ஊற்றினாலும் உப்பு போகாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கரைப்பான் பொருத்தமில்லாமல் போனால் நேரமும் துணியும்தான் பெரும்பாலும் வீண். ராடு, அதாவது துணியையும் பிரஷையும் குழலுக்குள் தள்ளும் நீண்ட கம்பி, பொருத்தமில்லாமல் போனால் குழலே கெடும். ஆகவே கையில் இருக்கும் பணம் அளவானது என்றால் முதலில் நல்ல ராடும் அதற்கான வழிகாட்டிக் குழாயும் வாங்குங்கள். மிச்சத்தில் கரைப்பான் வாங்கிக்கொள்ளலாம். கடை அலமாரியில் குப்பிகளே கண்ணைப் பறிப்பதால் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வேலையில் இறங்குமுன் மேகசினைக் கழற்றுங்கள். தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். வேலை செய்யும் இடத்திலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. பாதுகாப்பு மட்டும் இதற்குக் காரணமில்லை. ஊடுருவும் எண்ணெய், தோட்டாவின் அடியில் இருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். அம்மோனியா பட்ட பித்தளைக் கூடு நாளடைவில் கீறல் விடும். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிந்து பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல் விளங்கியது.

எந்த அழுக்குக்கு எந்தக் கரைப்பான்

கரி எல்லாத் துப்பாக்கியிலும் படியும். புதிதாகப் படிந்த கரி மென்மையானது, எந்தப் பொதுக் கரைப்பானுக்கும் இளகிவிடும். தோட்டா அறையைத் தாண்டியவுடன் வளையமாகப் படிந்து, மீண்டும் மீண்டும் சுடப்பட்டுச் சுட்ட ஓடுபோல் இறுகிய கரி வேறு ரகம். அதற்குக் கரைப்பானை விட ஊறும் நேரமும் பிரஷும்தான் முக்கியம்.

பொதுக் கரைப்பான்களில் பழமையும் பெயரும் உள்ளது ஹாப்பீஸ் நம்பர் 9. பிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி 1903இல் உருவாக்கியது. மண்ணெண்ணெய், ஆல்கஹால், ஒலியிக் அமிலம், அமைல் அசிடேட் ஆகியவற்றோடு சிறிதளவு அம்மோனியாவும் கலந்தது. வாழைப்பழத்தை நினைவூட்டும் அதன் வாசம் அமைல் அசிடேட்டால் வருவது. கரிக்கு இன்றும் இது நம்பகமானது. செம்பையும் எடுக்கும், ஆனால் மிக மெதுவாக. பத்து இருபது குண்டு சுட்டுவிட்டு அன்றே துடைக்கிறவருக்கு இந்த ரகமே போதும்.

சி.எல்.பி. என்ற பெயரில் விற்பது சுத்தம் செய்தல், மசகு, துருக்காப்பு மூன்றையும் ஒரே குப்பியில் தருவது. 63460 என்ற எண்ணுள்ள அமெரிக்க ராணுவத் தரநிர்ணயம் இந்த வகைக்கானது. முதுகுப் பையில் ஒரே குப்பிதான் வைக்க முடியும் என்ற நிலையில் இதை மிஞ்ச எதுவுமில்லை. மேசையில் வைத்து நிதானமாகச் செய்யும் வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒட்டிக்கொண்டு காக்க வேண்டிய எண்ணெயும் கரைத்து இழுக்க வேண்டிய திரவமும் ஒரே கலவையில் இருக்கும்போது இரண்டுமே கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட், விசைப் பகுதி, கைத்துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு ஆகியவற்றுக்குச் சி.எல்.பி. நன்றாகவே வேலை செய்யும். செம்பு ஏறிய ரைபிள் குழலுக்கு அது போதாது.

செம்பு விஷயம்தான் உண்மையில் சிக்கலானது. ரைபிள் குண்டின் மேலுறை சுமார் 95 சதவீதம் செம்பும் 5 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வரிப்பள்ளங்களில் உரசிச் செல்லும்போது அதன் ஒரு பகுதி எஃகில் பூசிக்கொள்கிறது. அதன் மேல் கரி, அதற்கும் மேல் மறுபடி செம்பு என்று அடுக்கடுக்காக ஏறுகிறது. மேலே உள்ள கரியை எடுக்காமல் செம்புக் கரைப்பானை ஊற்றினால் அது செம்பைப் போய்ச் சேராது. அதனால் எந்தச் செம்புக் கரைப்பானை வாங்கினாலும் முதலில் கரி, பிறகு செம்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே இருக்கும் தெரிவுகள் இரண்டு. ஸ்வீட்ஸ் 7.62 போன்ற அம்மோனியாக் கரைப்பான்கள் வேகமானவை. நெடி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், காற்றோட்டமில்லாத அறையில் திறக்கவே கூடாது. குழலில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, வேலை முடிந்ததும் முழுக்கத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மரக்கட்டையின் மெருகில் ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் விழலாம். நிக்கல் முலாமுக்கு அடியில் செம்புப் பூச்சு இருந்தால், முலாமின் சிறு கீறல் வழியே அம்மோனியா இறங்கி மேல்பூச்சை உரித்துவிடும்.

அம்மோனியா இல்லாத செம்புக் கரைப்பான்கள் மெதுவானவை. போர் டெக் எலிமினேட்டர் போன்ற திரவங்களும் வைப்-அவுட் போன்ற நுரைகளும் இந்த வகை. நுரையைக் குழலுக்குள் நிரப்பிவிட்டுச் சில மணி நேரம், சிலவற்றை இரவு முழுவதும்கூட விடலாம். எவ்வளவு நேரம் என்பதைக் குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நெடி குறைவு, தேய்ப்பும் குறைவு. தேய்ப்பு குறைந்தால் ராடு குழலுக்குள் போய்வரும் தடவையும் குறைகிறது, குழலுக்கு அதுவே பெரிய லாபம். வீட்டில் சுத்தம் செய்கிறவருக்கு நான் தயங்காமல் இந்த ரகத்தைத்தான் சொல்வேன். பந்தயத்தில் அடுத்த சுற்றுக்குள் குழலைத் தயார் செய்ய வேண்டியவருக்கு அம்மோனியாவின் வேகம் தேவைப்படலாம். அது வேறு கணக்கு.

ஈயத்தைக் கரைப்பதற்கு வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்க பத்திரமான கரைப்பான் என்று எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈயத்துக்கு உராய்வுதான் வழி. கரைப்பான் அதை ஈரமாக்கி இளக வைக்கும், அவ்வளவே. வெண்கல பிரஷின் மேல் செம்புக் கம்பி இழைகளைச் சுற்றி நாலைந்து முறை ஓட்டினால் ஈயம் வெள்ளி நிறச் செதில்களாக உதிர்ந்து விழும். இழைகள் நிஜச் செம்புதானா, செம்பு முலாம் பூசிய எஃகா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அதைக் குழலுக்குள் விடாதீர்கள். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஈயத்தைக் கரைக்கும் முறை ஒன்றும் பரவியிருக்கிறது. ஈயம் அதில் கரையும் என்பது உண்மை. கரைந்து ஈய அசிடேட் ஆகிறது. தோல் வழியாகவும் உடலில் ஏறக்கூடிய நஞ்சு அது. அந்தத் திரவத்தைக் கொட்டவும் இடமில்லை, வைத்திருக்கவும் இடமில்லை. எஃகின் நீலமெருகும் அதில் போய்விடும். வேண்டவே வேண்டாம்.

உப்பு கதை வேறு. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் தங்குகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவு இது. காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே துருவைக் கிளப்பும். அம்மோனியா இந்த உப்பை முறிக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறைய. முறிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, கரைத்து வெளியேற்றத்தான் வேண்டும். அம்மோனியாக் கரைசலில் உப்பைக் கரைப்பது அதிலுள்ள தண்ணீர். வெந்நீரே போதும். சூடாக ஊற்றினால் உலோகமும் சூடேறித் தானே காய்ந்துவிடும். பிறகு உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய்.

கரிமருந்து சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்கும் இதே கதைதான். 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்ற கலவை எரியும்போது பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும் பொட்டாசிய உப்புகள். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். சாதாரண பெட்ரோலிய எண்ணெயை அந்த அழுக்கின் மேல் விட்டால் தார்போல் குழைந்துவிடும். ஜெர்மனியில் 1904இல் உருவான பாலிஸ்டால் எண்ணெய்க்கு இங்கே தனி மதிப்பு உண்டு. அது தண்ணீரோடு பால்போல் கலக்கும். தண்ணீர் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஆவியானபின் எண்ணெய் மட்டும் உலோகத்தில் தங்குகிறது.

பட்டறையில் கைக்கு எட்டும் மற்றவற்றையும் பார்த்துவிடலாம். டபிள்யூ.டி-40, 1953இல் ஈரத்தை வெளியேற்றுவதற்காக உருவானது. வெந்நீர்க் கழுவலுக்குப் பின் ஈரத்தைத் துரத்த உதவும். அதை மசகாகவோ, மாதக்கணக்கில் நிற்கும் துருக்காப்பாகவோ நம்பாதீர்கள். பிரேக் கிளீனர் எஃகைப் பளிச்சென்று ஆக்கும், கூடவே பிளாஸ்டிக் சட்டத்தையும் மரமெருகையும் கெடுக்கலாம். குளோரின் கலந்த ரகத்தின் ஆவி சூடான பரப்பிலோ தீயிலோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை விடுவது. பேச்சுக்கே இடமில்லை. மண்ணெண்ணெய் ஒப்பளவில் பத்திரமானது, கரியையும் ஓரளவு இளக்கும். வேறெதுவும் கிடைக்காதபோது குற்றமில்லை.

துணி சொல்லும் சேதி

கரைப்பான் வேலை செய்கிறதா என்பதை வெளியே வரும் துணியில் பாருங்கள். கறுப்பு என்றால் கரி. சாம்பல் நிறத்தில் மினுக்கும் துகள் இருந்தால் ஈயம். நீலமோ பச்சையோ என்றால் செம்பு கரைகிறது. குழல் சுத்தமாக ஆக, ஊறப்போட்டு எடுக்கும் துணியின் நீலம் வெளிறிக்கொண்டே வரும். துணியின் நடுவில் மட்டும் கறுப்பு, ஓரத்தில் சீரான இடைவெளியில் நீலக்கோடுகள் என்று வந்தால், அந்தக் கோடுகள் வரிப்பள்ளங்களின் தடம். செம்பு இன்னும் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. துணியைப் பிடித்துத் தள்ள ராடின் நுனியில் மாட்டும் பித்தளை ஜேக் முனையும் வெண்கல பிரஷும் செம்புக் கலவைகளே. செம்புக் கரைப்பான் அவற்றையும் கரைக்கும். குழல் சுத்தமாகிவிட்ட பிறகும் துணி நீலமாக வந்துகொண்டேயிருக்கும், நீங்களும் தேய்த்துக்கொண்டேயிருப்பீர்கள். செம்புக் கரைப்பான் பயன்படுத்தும்போது நைலான் பிரஷும், நிக்கல் முலாம் பூசிய அல்லது எஃகு ஜேக் முனையும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் ஜேக் முனையின் மேல் ஒரு சொட்டுக் கரைப்பானை விட்டு, வெள்ளைத் துணியால் சில நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள்.

துணி பளிச்சென்று வெள்ளையாக வந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. பல ரைபிள்கள் முற்றிலும் துடைத்த குழலிலிருந்து போகும் முதல் சில குண்டுகளை வேறிடத்தில் வைக்கும், பிறகுதான் நிலைக்கு வரும். குறி தவறத் தொடங்கும்வரை செம்பை விட்டுவைப்பதில் தப்பில்லை. கரியையும் ஈரத்தையும் உப்பையும் மட்டும் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். பாயின்ட் டூ டூ (.22) ரைபிளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதன் குண்டு மெழுகு பூசிய ஈயம். அந்த மெழுகு குழலில் சீராகப் பரவியபின்தான் அது நன்றாகச் சுடும்.

குழலைக் கெடுப்பது ராடு

ராடு குழலைத் தேய்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று தோட்டா அறைக்கு முன்னால் வரிப்பள்ளம் தொடங்கும் இடம். மற்றொன்று குழல்வாயின் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். ஆகவே முடிந்த துப்பாக்கிகளில் எல்லாம் பின்பக்கமிருந்தே ராடை விட வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் போல்டைக் கழற்றிய இடத்தில் பொருந்தும் வழிகாட்டிக் குழாய் ராடைக் குழலின் மையத்திலேயே வைக்கும். கரைப்பான் விசைப் பகுதிக்குள் வழிவதையும் தடுக்கும். எம்-1 கேரண்ட், லீவர் ஆக்‌ஷன் போலப் பின்பக்கம் வழியில்லாத ரைபிள்களுக்குக் குழல்வாயில் மாட்டும் சிறு கூம்பு வழிகாட்டி உண்டு. அது இல்லாமல் ராடை முன்னாலிருந்து விடுவதை என்னால் ஏற்க முடியாது.

ராடு எந்தப் பொருளால் ஆனது என்பதில் நிறைய வாதம் நடக்கும். மெல்லிய உலோகம் குழலைக் கீறாது என்ற நினைப்பில் அலுமினியம் வாங்குகிறார்கள். அலுமினியத்தின் மேல் தானாகவே ஆக்சைடு படலம் உருவாகும். அந்த ஆக்சைடு எஃகை விடக் கடினம். மெல்லிய உலோகத்தில் கரித்துகளும் மணலும் எளிதாகப் பதிந்துகொள்ளும். அப்படிப் பதிந்த ஒரு துகள், ராடு போய்வரும் ஒவ்வொரு தடவையும் அரம்போல் இழுக்கும். மூன்று துண்டுகளாகத் திருகிச் சேர்க்கும் ராடில் இன்னொரு தொல்லை. இணைப்புகள் மிகத் துல்லியமாகப் பொருந்துவது அரிது, அழுத்தும்போது அந்த இடத்தில் வளைந்து விளிம்பு குழலில் உரசும். பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு மேசைக்கு ஒரே துண்டாக உள்ள, நைலான் பூசிய எஃகு ராடுதான் என் தேர்வு. கார்பன் ஃபைபர் ராடு இலேசானது, வளைந்தாலும் தானே நிமிரும். இறுக்கமான சிறு குழலில் அழுத்தித் தள்ளும்போது நெளியும் என்பதால் இரண்டாமிடம் தருகிறேன். பூச்சு இல்லாத துருப்பிடிக்கா எஃகு ராடும் நல்லதுதான், வழிகாட்டிக் குழாய் கட்டாயம். எந்த ராடானாலும் ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுபடி விட வேண்டும். கைப்பிடியில் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். ராடு வரிப்பள்ளத்தோடு சேர்ந்து சுழன்றால்தான் பிரஷ் பள்ளத்தின் அடிவரை போகும். சுழலாவிட்டால் பள்ளங்களுக்குக் குறுக்கே தாவும், திருகும் கழன்றுவிடும். திருகின் அளவும் பொருந்த வேண்டும். பெரும்பாலான ரைபிள், கைத்துப்பாக்கி பிரஷ்களுக்கு 8-32, பாயின்ட் ஒன் செவன் (.17) போன்ற மிகச் சிறு குழல்களுக்கு 5-40, ரவை சுடும் ஷாட்கன்னுக்கு 5/16-27.

பிரஷில் பாஸ்பர் வெண்கலம் கரிக்கும் ஈயத்துக்கும், நைலான் செம்புக் கரைப்பானோடு. துருப்பிடிக்கா எஃகு பிரஷைக் குழலுக்குள் விடவே வேண்டாம். எந்த பிரஷையும் குழலின் நடுவில் நிறுத்தித் திருப்பி இழுக்கக் கூடாது. முழுவதும் வெளியே தள்ளிவிட்டுத்தான் பின்னிழுக்க வேண்டும்.

துணியைக் கட்டிக் குழல் வழியே இழுக்கும் கயிறான புல்த்ரூ, பிரஷும் துணியும் ஒன்றாகச் சேர்ந்த பாம்புக் கயிறு, வளையும் கேபிள் ஆகியவற்றின் பெரிய வசதி, பின்பக்கமிருந்து இழுக்க முடிவதும் சட்டைப்பையில் அடங்குவதும். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைபிளின் கட்டைக்குள்ளேயே புல்த்ரூவுக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் இடம் இருந்தது. கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்துக் குழல்வாயில் பள்ளம் விழுவதைப் படைக்கலப் பணியாளர்கள் அந்தக் காலத்திலேயே கண்டறிந்திருந்தார்கள். ஆகவே கயிற்றைக் குழலின் நேர்க்கோட்டிலேயே இழுக்க வேண்டும். பாம்புக் கயிற்றில் இன்னொரு குறை, ஒரு முறை இழுத்ததும் அதுவே அழுக்காகிவிடும். துவைக்காமல் மறுமுறை இழுத்தால் போன தடவை எடுத்த கரியைத் திரும்பக் குழலுக்குள் கொண்டுபோகிறோம். கயிறு இற்றுப்போய் நடுவில் அறுந்தால் எடுப்பது பெரும்பாடு. களத்தில் ஒரு இழுப்புக்கு இதைப் போல வசதி இல்லை. வீட்டில் ராடுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

களத்தில் கருவி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைபிள் சாட்சி. 1960களின் நடுவில் வியட்நாமுக்குப் போன அந்த ரைபிளோடு போதிய சுத்தக் கருவிகள் போகவில்லை. தோட்டாவின் வெடிமருந்து வகையும் மாற்றப்பட்டிருந்தது, தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. வெற்றுக்கூடு அறைக்குள் சிக்கி வீரர்கள் உயிரிழந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. பிறகுதான் கருவிகளும் பூச்சும் முறையாக வந்தன. அரைத் தானியங்கி ரைபிள் வைத்திருப்பவர்கள் கரைப்பானைப் பற்றி யோசிக்குமுன் தோட்டா அறைக்கென்று உள்ள தனி பிரஷை வாங்கிவிட வேண்டும். குழல் பிரஷ் அந்த அறையின் சுவரைத் தொடாது.

ஷாட்கன்னில் வரிப்பள்ளம் இல்லாததால் ராடு பற்றிய கவலை பாதி குறைகிறது. அங்கே தொல்லை பிளாஸ்டிக். ரவையைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் கோப்பை உராய்ந்து குழலில் கோடுகோடாக ஒட்டும். பொதுக் கரைப்பானில் ஊறவிட்டு வெண்கல பிரஷால் தேய்த்தால் நாராக உரிந்து வரும். குழல்வாயில் திருகி மாட்டும், ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் சோக்கைக் கழற்றித் துடைத்து, திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கைத்துப்பாக்கிக் குழல் குட்டை, பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். பொதுக் கரைப்பானும் சாதாரண ராடும் அதற்கு ஏராளம். ஸ்பிரிங் வகைக் காற்றுத் துப்பாக்கியின் அழுத்த அறைக்குள் பெட்ரோலியக் கரைப்பான் எதுவும் போகக் கூடாது. அழுத்தச் சூட்டில் அது பற்றி வெடித்து உள்ளிருக்கும் சீல்களைக் கெடுத்துவிடும்.

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் எந்தக் கரைப்பானுக்கும் பொது. வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும், ஈயத்தூள் கையில் இருக்கும். எண்ணெய் விட்டு வைத்த துப்பாக்கியை அடுத்த முறை சுடுமுன் உலர்ந்த துணி ஒன்றைக் குழலில் ஓட்டி எண்ணெயை எடுத்துவிடுங்கள். குழலில் எண்ணெய் தேங்கியிருந்தால் முதல் குண்டு வேறிடத்தில் போகும், தேக்கம் அதிகமானால் அழுத்தமும் கூடும்.